மாமா குழுவிலிருந்து வெளியேறினார்

2025 மே 23, வெள்ளிக்கிழமை இரவு. ஜொகூர் பாருவில் பிகேஆர் கட்சியின் துணைத் தலைவர் தேர்தல் முடிவு வந்த அரை மணி நேரத்தில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு தீப்பிடித்துக்கொண்டது. நூருல் இஸ்ஸாவுக்கு 9,803 வாக்குகள், ரஃபிஸி ரம்லிக்கு 3,866 வாக்குகள்.

என் தாய்மாமா ரஃபிஸி பக்கம். பேராளராக ஜொகூர் பாரு வரைக்கும் போயிருந்தார். பெரியம்மாவின் மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், அதே கட்சி, அதே தொகுதி. ஆனால் நூருல் இஸ்ஸா பக்கம். இருவரும் அன்று ஒரே மண்டபத்தில் இருந்துகொண்டு, லூமுட்டிலும் ஆயர் தாவாரிலும் உட்கார்ந்திருக்கும் எங்கள் முப்பது பேர் முன்னால் குழுவில் அடித்துக்கொண்டார்கள். வாரிசு அரசியல் என்றார் மாமா. தோற்றவர்கள் பேசும் பேச்சு என்றார் அண்ணன். அதுவரைக்கும் பரவாயில்லை.

நடுவில் நான் புகுந்தேன். "மாமா, இவ்வளவு கோபமா பேசுறதுக்கு எவ்வளவு கொடுத்தாங்க?" என்று எழுதி, சிரிக்கும் முகம் மூன்றைப் போட்டு அனுப்பினேன். நகைச்சுவை என்றுதான் நினைத்தேன். நான்கு பேர் சிரித்தும் வைத்தார்கள். இரண்டு நிமிடம் கழித்துத் திரையில் அந்தச் சாம்பல் நிற வரி வந்தது: மாமா குழுவிலிருந்து வெளியேறினார்.

எனக்கு அப்போது வயது பத்தொன்பது. 15ஆவது பொதுத்தேர்தல் நடந்த 2022 நவம்பரில் எனக்குப் பதினெட்டு ஆகவில்லை. ஆக, வாழ்க்கையில் ஒரு வாக்குகூடப் போடாமலேயே ஒரு தேர்தல் சண்டையில் குடும்பத்தை உடைத்துவிட்டேன்.

மறுநாள் காலை தாத்தா வாசலில் சாய்வு நாற்காலியில் இருந்தார். அம்மாவின் அப்பா, மாமாவுக்கும் அப்பா. "என்னம்மா எழுதினே, படிச்சுக் காட்டு" என்றார். படித்தேன். சிரிக்கும் முகங்களைச் சொல்லவில்லை. தாத்தா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். "இதையேதான் நானும் சொன்னேன்" என்றார் கடைசியில்.

அவர் சொன்னது 1989ஆம் ஆண்டின் கதை.

என் வயதுக்காரர்களுக்கு இங்கே ஒரு சின்ன விளக்கம் தேவைப்படும். அந்த ஆண்டு ம.இ.கா. தேசியத் தலைவர் பதவிக்கு ச. சாமிவேலுவை எதிர்த்து எஸ். சுப்ரமணியம் போட்டியிட்டார். பின்னாளில் சுகாதார அமைச்சராகவும் கட்சித் தலைவராகவும் இருந்த டாக்டர் எஸ். சுப்ரமணியம் வேறு, இவர் வேறு. நானே இரண்டு பேரையும் ஒருவர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சாமிவேலு 1979இல் தலைவரானவர். பேரா மாநிலத்தில் அவர் பெயர் சாதாரணப் பெயர் இல்லை. 1974 முதல் 2008 வரை சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர். 1989 போட்டியில் அவர் வென்றார். ஆனால் போட்டி நாடு முழுவதும் ஒவ்வொரு தோட்டத்துக்குள்ளும் போனது. சாமிவேலு அணி, சுப்ரா அணி என்று மக்கள் பிரிந்தார்கள். தமிழ் நாளிதழ்களும் பிரிந்தன. எந்த வீட்டில் எந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள் என்பதை வைத்தே அந்த வீடு எந்த அணி என்று சொல்லிவிடலாமாம்.

தாத்தா அப்போது ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிக்கொண்டிருந்தார். கட்சிக் கிளையின் செயலாளர் அவர். கிளைத் தலைவர் அவருடைய மச்சான், தங்கையைக் கட்டியவர். இருவரும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. காலைப் பெரட்டுக்கு ஒன்றாகப் போவார்கள், கோயில் திருவிழாவுக்கு ஒன்றாகப் பணம் வசூலிப்பார்கள். மச்சான் ஓர் அணிக்கு ஆதரவு என்று அறிவித்தார். தாத்தா மற்ற அணி. எந்த அணி யாருடையது என்பதைத் தாத்தா எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்; எழுதினால் இன்னும் சிலர் பேச்சை நிறுத்திவிடுவார்களாம்.

"கருத்து வேறயா இருந்ததுக்கு யாரும் சண்டை போடல. ரெண்டு மூணு வாரம் கடையில உட்கார்ந்து பேசினோம். அவரு காரணம் சொன்னாரு, நான் காரணம் சொன்னேன். ஒரு நாள் எனக்குப் பதில் சொல்ல முடியல. அப்ப வாயில வந்துச்சு, 'மச்சான் எவ்வளவுக்கு வித்தாரு'ன்னு. பத்துப் பேரு இருந்தாங்க."

பதில் சொல்ல முடியாதபோது வந்த வார்த்தை. அந்த இடத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மச்சான் அன்று எழுந்து போனவர்தான். அந்த ஆண்டு கோயில் திருவிழாவில் இரண்டு தரப்பும் தனித்தனியாக உபயம் எடுத்தார்கள். தாத்தாவின் தங்கை அண்ணன் வீட்டுக்கு வருவது நின்றது; ஆற்றங்கரையில் துணி துவைக்கும்போது பாட்டியும் அவரும் திருட்டுத்தனமாகப் பேசிக்கொள்வார்களாம். பிறகு தோட்டம் கைமாறியது, லயங்கள் காலியாகின, ஆளுக்கொரு தாமானுக்குப் போனார்கள். தோட்டமே இல்லாமல் போன பிறகும் அந்தத் தோட்டத்துச் சண்டை மட்டும் இருந்தது. தங்கை 2007இல் இறந்தபோது தாத்தா போனார். மச்சான் கையைப் பிடித்தார், பேசவில்லை. 2012இல் மச்சானும் போய்விட்டார்.

"அவரு காசு வாங்கினாரா தாத்தா?"

"செத்தப்ப மோட்டார் சைக்கிளுக்குக் கட்டாத தவணைதான் இருந்துச்சு."

சாமிவேலுவும் சுப்ரமணியமும் அந்தப் போட்டிக்குப் பிறகு ஒரே கட்சியில்தான் இருந்தார்கள். சுப்ரமணியம் துணைத் தலைவர் பதவியை இழந்தது 2006இல், ஜி. பழனிவேலிடம். 1989இல் மோதிய அந்த இருவருமே 2022இல், சில மாத இடைவெளியில் காலமானார்கள். மேலே இருந்தவர்கள் ஒரே மேடையில் உட்கார வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். கீழே இருந்தவர்களுக்கு அந்த வழியை யாரும் காட்டவில்லை.

இதைக் கேட்ட பிறகு எனக்கு ஒரு கேள்வி வந்தது. லூமுட் மக்கள் அரசியலில் ஒரே பக்கம் நிற்பவர்கள் அல்லர். 2008இல் இந்த நாடாளுமன்றத் தொகுதியில் ம.சீ.ச. வென்றது. 2013இல் பிகேஆர், 2018இல் அமானா, 2022இல் பெரிக்காத்தான். நான்கு பொதுத்தேர்தல், நான்கு கட்சிகள். கடற்படைத் தளத்து ஆள்கள், பங்கோர் படகுத்துறை ஆள்கள், தோட்டத்திலிருந்து வந்த எங்களைப் போன்றவர்கள், எல்லாரும் இத்தனை முறை மனம் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் பொதுத்தேர்தலுக்காகப் பேச்சை நிறுத்திய குடும்பம் எதையும் எனக்குத் தெரியாது. கட்சித் தேர்தலுக்காக நிறுத்திய குடும்பங்கள் எனக்கே மூன்று தெரியும்.

காரணம் எளிது என்று இப்போது நினைக்கிறேன். பொதுத்தேர்தலில் பல்லாயிரம் பேரில் நாம் ஒருவர். மறைவில் வாக்களிக்கிறோம், எதிரணி வேட்பாளர் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வரப்போவதில்லை. கிளையில் ஐம்பது, அறுபது பேர்தான். யார் யாருடைய ஆள் என்பது கடைக்காரருக்கும் தெரியும். கொள்கையும் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரே கொடி, ஒரே அமைப்புச் சட்டம். கொள்கையில் வித்தியாசம் காட்ட இடம் குறைவாக இருக்கும்போது, மிஞ்சுவது ஆள். ஆளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சீக்கிரமே அவருடைய நோக்கத்துக்கு வந்துவிடுவோம். நோக்கத்தை யாராலும் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அதனால்தான் அந்தக் காயம் ஆறுவதில்லை.

நான் படிப்பது கணக்கியல். அதனால் என் கண் போவது வேறோர் இடத்துக்கும்தான்: பட்டியலுக்கு. நம் நாட்டின் பெரிய கட்சிச் சண்டைகளைத் தேடிப் படித்தேன். ஒவ்வொன்றிலும், யார் வாக்களிக்கத் தகுதியுள்ளவர், வாக்கை எண்ணியது யார் என்ற கேள்வி எங்கோ ஒளிந்திருக்கிறது.

1987 ஏப்ரல் 24இல் அம்னோ தலைவர் பதவிக்கு மகாதீரும் தெங்கு ரசாலி ஹம்சாவும் மோதினார்கள். மகாதீருக்கு 761, ரசாலிக்கு 718. வித்தியாசம் 43. பதிவு செய்யப்படாத கிளைகளிலிருந்து பேராளர்கள் வந்திருந்தார்கள் என்று சில உறுப்பினர்கள் நீதிமன்றம் போனார்கள். தேர்தல் செல்லுமா செல்லாதா என்பதுதான் அவர்கள் கேட்டது. பதிவில்லாத கிளைகள் இருந்ததால் கட்சியே சட்டவிரோதச் சங்கம் என்று 1988 பிப்ரவரி 4இல் தீர்ப்பு வந்தது! நாட்டை ஆண்டுகொண்டிருந்த கட்சி, கிளைப் பதிவுக் குளறுபடியால் ஒரே நாளில் இல்லாமல் போனது. பிறகு அம்னோ பாரு பிறந்தது, ரசாலி தரப்பு செமாங்காட் 46 அமைத்தது. அவர் அம்னோவுக்குத் திரும்பியது 1996இல்.

ம.இ.கா.விலும் அப்படித்தான். 2013இல் நடந்த கட்சித் தேர்தல் குறித்துப் புகார்கள் எழுந்து, மறுதேர்தல் நடத்தும்படி 2014 டிசம்பரில் சங்கப் பதிவிலாகா உத்தரவிட்டது. பழனிவேல் அணி, டாக்டர் சுப்ரமணியம் அணி என்று கட்சி மறுபடியும் இரண்டானது. வழக்கு, பதிலறிக்கை, தலைமையகத்தின் முன் கூட்டம். 2015 ஜூனில் பழனிவேல் தரப்பின் வழக்கு உயர்நீதிமன்றத்தில் தள்ளுபடியாகி, டாக்டர் சுப்ரமணியம் பொறுப்புக்கு வந்தார்.

மூன்றாவது உதாரணம் ஜசெக. 2012 டிசம்பரில் அதன் மத்திய செயற்குழுத் தேர்தல் பினாங்கில் நடந்தது. சில வாரங்களில் கட்சியே வெளியே வந்து, வாக்குகளைக் கணினியில் பதிந்ததில் தவறு நேர்ந்துவிட்டது, வென்றதாக அறிவித்த ஒருவர் உண்மையில் வெல்லவில்லை என்று சொன்னது. கேலி கிடைத்தது, சங்கப் பதிவிலாகாவின் கேள்விகளும் வந்தன, 2013 செப்டம்பர் 29இல் மறுதேர்தல் நடத்த வேண்டியிருந்தது. அந்தக் கட்சியைப் பற்றி என் கருத்து என்னவாக இருந்தாலும், தன் கணக்குத் தப்பு என்று தானே சொன்ன அந்தச் செயல் எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் வகுப்பில் இதற்கு முழு மதிப்பெண் தருவார்கள்.

பட்டியலில் சந்தேகம் வந்தால், அதைப் பட்டியலைப் பற்றிய கேள்வியாகக் கேட்க முடியும். தேதி உண்டு, எண் உண்டு, கேட்க ஓர் இலாகா உண்டு. "நீ விலைபோனவன்" என்பதற்கு எந்த இலாகாவிலும் மேல்முறையீடு கிடையாது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாகரிகமாகப் பேசுங்கள் என்று நமக்கு அறிவுரை சொல்பவர்களில் பாதிப் பேர், பேசாதீர்கள் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே, கட்சி மானம் போகிறது, வெளியாள் முன்னால் ஏன் கேட்கிறாய். இதை நான் ஏற்கவில்லை. 1988இல் ம.இ.கா.விலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி. பண்டிதன் 1990இல் ஐபிஎஃப் கட்சியைத் தொடங்கினார். உள்ளே பேச இடமில்லை என்று நினைப்பவர் வெளியே ஒரு மேடை கட்டிக்கொள்வார். 2018 பிகேஆர் தேர்தலில் அஸ்மின் அலியும் ரஃபிஸியும் மோதினார்கள், அஸ்மின் வென்றார். பதினைந்து மாதம் கழித்து, 2020 பிப்ரவரியில், அஸ்மினும் அவரோடு இருந்தவர்களும் கட்சியை விட்டுப் போனார்கள், அரசாங்கம் கவிழ்ந்தது. அந்தக் கட்சித் தேர்தல் ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாக்கு எண்ணி முடித்ததும் சண்டை முடிந்துவிடவில்லை என்பது தெரிகிறது.

2025இல் நடந்ததையும் இப்படித்தான் பார்க்கிறேன். 2022இல் உறுப்பினர்களே நேரடியாக வாக்களித்துத் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2025இல் தொகுதிகள் தேர்ந்தெடுத்த பேராளர்கள் வாக்களித்தார்கள். அந்த மாற்றம் சரியா? தொகுதித் தேர்தல்களில் எழுந்த புகார்களுக்குப் பதில் என்ன? தலைவரின் மகள் துணைத் தலைவராவது கட்சிக்கு நல்லதா? இவை எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தாம். மாமா கேட்டதும் இவற்றைத்தான். தோற்றால் அமைச்சர் பதவியில் தொடரமாட்டேன் என்று சொன்ன ரஃபிஸி, தோற்ற ஐந்தாவது நாள் விலகல் கடிதத்தை அறிவித்தார். அது சரியான முடிவா, மக்களின் வேலையைப் பாதியில் விட்டதா என்பதில் மாமாவும் அண்ணனும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகத் தேவையும் இல்லை.

தோற்றவர் எப்படி நடந்துகொள்ளலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு காட்சி உண்டு. அங்கே கட்சியின் அதிபர் வேட்பாளரையே மாநிலம் மாநிலமாகப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். 2008இல் ஹிலாரி கிளின்டனும் ஒபாமாவும் மாதக்கணக்கில் மோதினார்கள். இருபக்கமும் ஆறாத கோபம். ஆகஸ்டில் டென்வர் மாநாட்டில் மாநிலவாரியாக வாக்கு வாசித்துக்கொண்டிருந்தபோது, ஹிலாரியே எழுந்து, வாசிப்பதை நிறுத்திவிட்டு ஒபாமாவை ஒருமனதாக அறிவிக்கலாம் என்று முன்மொழிந்தார். அவருடைய ஆதரவாளர்கள் வீடு திரும்ப அது ஒரு கதவு. 1989இல் ஆயர் தாவார் தோட்டத்துக் கடைக்கு அப்படிப்பட்ட கதவு எதுவும் திறக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் நான் சொற்போர்க் குழுவில் இருக்கிறேன். எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்வோம். சென்ற பருவத்தில் எனக்குப் பிடிக்காத பக்கம் விழுந்தது. இரண்டு வாரம் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக்கு நியாயம் தேடினேன், போட்டியிலும் வென்றோம். வென்ற பிறகும் என் கருத்து மாறவில்லை. ஆனால் அந்தப் பக்கம் நிற்பவர் காசு வாங்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்ற எண்ணம் போய்விட்டது. இவ்வளவு பயிற்சி உள்ள நான்தான் மாமாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன் என்பதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மேடையில் நேரக் காவலர் மணியடிப்பார், வாட்ஸ்அப்பில் யாரும் அடிப்பதில்லை.

நம் தலைமுறைக்கு இது முக்கியம் என்று நினைக்கிறேன். 2012க்கு முன்பு பல்கலைக்கழக மாணவர் கட்சியில் சேரவே சட்டம் விடவில்லை. 2018 டிசம்பரில் அந்தச் சட்டம் மறுபடியும் திருத்தப்பட்டு, வளாகத்துக்குள்ளும் கட்சி அரசியலுக்கு இடம் கிடைத்தது. வாக்களிக்கும் வயதைப் பதினெட்டாக்கும் திருத்தத்துக்கு 2019 ஜூலையில் அவையிலிருந்த 211 பேரும் ஆதரவளித்தார்கள். 2021 டிசம்பர் 15 முதல் அது நடப்புக்கு வந்தது. தாத்தாவின் காலத்தில் கிளைக்குள் இருந்த சண்டை இனி நம் விடுதி அறைக்குள்ளும் வரும். வரட்டும்.

மாமாவைப் பார்க்க ஜூன் மாதம் ஆயர் தாவாருக்குப் போனேன். குறுஞ்செய்தியில் மன்னிப்புக் கேட்கலாம் என்றாள் தங்கை. தாத்தா விடவில்லை. "பத்துப் பேரு முன்னால சொன்னதை நேர்ல போய்த்தான் எடுக்கணும். நான் போகல" என்றார்.

மாமா கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார். என்னைப் பார்த்ததும் வா என்று சொன்னார்; உட்கார் என்று சொல்லவில்லை. மாமிதான் தே ஓ கொண்டுவந்து வைத்தார். மன்னிப்புக் கேட்டேன். மாமா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். டோல் ரசீது, பெட்ரோல் ரசீது, இரண்டு இரவு தங்கிய மலிவு ஹோட்டலின் ரசீது. சம்பளமில்லாத விடுப்புக்கு முதலாளி கொடுத்த கடிதத்தின் நகல்.

"நீ கணக்குப் படிக்கிற பொண்ணு. கூட்டிப் பாரு" என்றார்.

கூட்டிப் பார்த்தேன். எழுநூறு ரிங்கிட்டைத் தாண்டியது.

"ரஃபிஸி தோத்துட்டாருன்னு நீ சிரிச்சிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்மா. என் ஆளு தப்புன்னு நீ சொல்லலாம். நான் முட்டாள்னுகூடச் சொல்லலாம். வித்துட்டேன்னு சொல்லாதே."

அன்று அவர் என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. குழுவில் மறுபடி சேர்வதற்கு நான்கு மாதம் ஆனது. தீபாவளிக்கு அண்ணன் போய் அழைத்ததும்தான் வந்தார். வந்தவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: யாரைப் பற்றி வேண்டுமானாலும் திட்டலாம், காசு வாங்கினான் என்று எழுதுபவர் மட்டும் ரசீதோடு வர வேண்டும். அண்ணன் உடனே ஒப்புக்கொண்டார். அன்றிரவே வாரிசு அரசியல் விவாதம் மறுபடி தொடங்கி, விடியும்வரை எண்பத்திரண்டு செய்திகள். தாத்தாவுக்கு மறுநாள் காலை எல்லாவற்றையும் நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

இவ்வாண்டு மாசி மகத்துக்கு எல்லாரும் பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போனோம். லூமுட் படகுத்துறையில் காலையிலிருந்தே கூட்டம். பால்குடக்காரர்கள், குழந்தைகள், மஞ்சள் சேலைகள். தாத்தாவால் நெடுநேரம் நிற்க முடியாது என்று மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துப் போயிருந்தோம். அதை ஒரு பக்கம் மாமாவும் மறுபக்கம் அண்ணனும் பிடித்துக்கொண்டு படகுக்குள் ஏறினார்கள். பேராளர் முறையா நேரடி வாக்கா என்று இரைந்துகொண்டே ஏறினார்கள். படகு நகர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. நாற்காலியைக் கீழே வைக்க மறந்துவிட்டார்கள். "முதல்ல அதை விரிங்கடா" என்றார் தாத்தா.